தெரிஞ்சவரா

அப்பா இருபது வருஷமாக பெயின்ட் அடித்த ஃபேக்டரிக்கே நான் இன்ஜினியராகப் போனேன். முதல் நாள் அவர் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார்.

"தெரிஞ்சவரா மேடம்?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்லையே" என்றேன். படித்த திமிர்.

அப்பா கையை இறக்கிக்கொண்டார். வீட்டில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மூன்றே மாதத்தில் செத்தும்போனார்.

இன்று புது ஸ்ப்ரே கன்னைச் சோதித்தோம். மின்சாரம் ஏற்றிய வெள்ளி பெயின்ட், எர்த் ஆன பொருளைத் தேடிப்போய் ஒட்டும். எதிரே இரும்புக் கதவைத் தொங்கவிட்டிருந்தோம்.

"கதவு இங்க இருக்கு, இது எங்க போகுது?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

சாரல் வளைந்து காலி மூலையில் படிந்தது. கூன் முதுகு. தோள். தூக்கிய கை.

"மேடம்... தெரிஞ்சவரா?"

"இல்லையே" என்றேன்.

வெள்ளிக் கை மெல்ல இறங்கியது.