எண்பத்தொன்றாம் நம்பர் சட்டை

அமெரிக்கக் கால்பந்தில் எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பதுதான் மார்லனின் பிழைப்பு. பத்து வருஷமும் எண்பத்தொன்றாம் நம்பர் சட்டைதான். நேற்று அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று புது அணியின் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் அந்த நம்பரைத் தேடினார். டெவின் என்ற புதுப் பையனின் அலமாரியில் அது தொங்கியது. நம்பர் வைத்திருப்பவனிடம் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். பையன் பூட்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்த நம்பரை எனக்கு விட்டுக்கொடேன்.”

“என்னண்ணே, பொசுக்குனு கேட்டுட்டீங்க! எங்கம்மா பொறந்த வருஷம்ணே அது.”

“வேற நம்பர் போட்டா எனக்குப் பந்து கையில நிக்காதுடா. இந்தா, என் வாட்சை வச்சுக்கோ.”

“மணி பார்க்க போன் இருக்குண்ணே. ஊருக்குப் போகத்தான் வண்டி இல்ல.”

மார்லன் பல்லைக் கடித்தார். சிகாகோவிலிருந்து ஓட்டிவந்த புது பிக்கப் வண்டியின் சாவியை நீட்டினார். பையன் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

உடைகளுக்குப் பொறுப்பான வால்ட் வந்தார்.

“சட்டையை எடுத்துக்கிட்டீங்களா? நல்லது. காலையிலேர்ந்து அது சும்மாதான் தொங்குது.”

“சும்மாவா? டெவினோடது இல்லையா?”

“அவனை எட்டு மணிக்கே அணியை விட்டு அனுப்பியாச்சே! சாமானை எடுக்க வந்திருப்பான்.”

“எதுக்கு அனுப்பினாங்க?”

வெளியே பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“கைக்கு வர்றதைப் பிடிக்கத் தெரியலையாம்.”