இன்னொரு டேங்க்

"இருக்கற டேங்க் போதாதுன்னு இன்னொண்ணா? எவ்வளவு தூரம் ஓடறதா உத்தேசம்?"

மனைவி போட்ட சத்தத்தில், போர்டிகோவில் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்த கார் கொஞ்சம் பதுங்கியது போலிருந்தது. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டது.

"உங்களைத்தான் கேக்கறேன்! வீடு பூரா பெட்ரோல் நாத்தம். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிதான் குடிக்கறேன்."

"அடுப்பைப் பத்த வைக்காதேன்னு நான்தானே சொன்னேன்" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"அதையும் நீங்களே சொல்லுங்க, இதையும் நீங்களே செய்யுங்க!"

முதலில் வயிறு வெளியே வந்தது. பிறகு கிரீஸ் அப்பிய முகம். குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கைபட்டவை. சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் நாலு மாசமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

டிக்கியில் பழைய மொபெட்டின் டேங்க் ஒன்றை இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார். அதிலிருந்து புத்தம் புது ரப்பர் குழாய் ஒன்று டிக்கியின் தரையைத் துளைத்துக் காருக்கு அடியில் இறங்கியது.

"தண்ணி ஒழுகினா துணி போட்டுத் துடைக்கலாம். பெட்ரோல் ஒழுகினா எதைப் போட்டுத் துடைப்பீங்க?"

"ஒழுகாது. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ரெண்டு கிளிப் போட்டிருக்கேன். காத்தடிச்சு, சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துட்டேன். ஒரு குமிழி வரலை."

"எனக்கு வருது, அடிவயித்துலேர்ந்து! நேராவே கேக்கறேன். போன வாரம் எங்கே போனீங்க?"

அவர் கையில் சுழன்றுகொண்டிருந்த ஸ்பேனர் நின்றது.

"காலையில காரை எடுத்துக்கிட்டுப் பால் வாங்கப் போனவர் மறுநாள் மத்தியானம் வந்தீங்க. சட்டை கசங்கி, கண்ணு சிவந்து. கேட்டா, 'ஒரு வேலை'ன்னீங்க. பாலும் வரலை. இப்ப என்னடான்னா டேங்க்குக்கு மேல டேங்க். யாரு அவ?"

"வாயை மூடு!"

"முப்பத்தஞ்சு வருஷமா மூடித்தானே வச்சிருந்தேன்!"

இது உண்மையில்லை என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் தெருவுக்குத் தைரியமில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. முழுசாக இல்லை, ஒரு காது நுழையும் அளவுக்கு இடம் விட்டு.

"என் கார், என் டேங்க்! உனக்குக் கணக்குச் சொல்லணும்னு அவசியமில்லை!" ஸ்பேனரைத் தரையில் வீசியடித்தார்.

"வேண்டாம். எங்க அண்ணன் வந்துக்கிட்டே இருக்கார். இந்த டேங்க்கைப் பிடுங்கி எறிஞ்சதும் நான் அவரோடவே கிளம்பறேன். பெட்டி கட்டியாச்சு. நீங்க நிம்மதியா எங்கே வேணும்னாலும் போய்க்குங்க."

பெட்டி நிஜமாகவே வாசலில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். குனிந்து ஸ்பேனரைப் பொறுக்கினார்.

அண்ணன் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"புத்தி கித்தி இருக்கா மாப்பிள்ளே? டிக்கியில பெட்ரோல் டேங்க்கா? பின்னாலேர்ந்து ஒருத்தன் லேசா முட்டினா போதும், சாம்பலைக் கூட்டி அள்ளவேண்டியதுதான். இப்படி ஒரு வண்டி என் ஷெட்டுக்கு வந்தா, வண்டியை விட்டுட்டு ஓனரைத்தான் ஜாக்கியில ஏத்துவேன்!"

"உங்களை யார் கூப்பிட்டது மச்சான்?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் மனைவி. "முதல்ல அதைப் பிடுங்கு அண்ணே."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். இப்போது அவருடைய கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் வசவு வந்துகொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

"தங்கச்சி..."

"பிடுங்கிட்டியா?"

"இவர் ரெண்டு டேங்க் வைக்கலைம்மா."

"பின்னே டிக்கியில இருக்கறது என்ன, தலைகாணியா?"

அண்ணன் ஊர்ந்து வெளியே வந்தார். முகத்தில் கோபத்துக்குப் பதிலாகக் குழப்பம். "பெரிய டேங்க்கைக் காலி பண்ணி, அதோட லைனை வெட்டி முனையை அடைச்சுட்டார். இனிமே என்ஜினுக்கு இந்தச் சின்னதுலேர்ந்துதான் பெட்ரோல். மூணு லிட்டர் பிடிச்சா அதிகம். நாப்பது கிலோமீட்டர் தாண்டாது. ஓடிப்போக நினைக்கறவன் எவனாவது இருக்கற டேங்க்கை அடைப்பானா?"

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "என்ன கூத்துங்க இது? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

"சொல்றேன், கேட்டுக்கோ!" அவளைவிடப் பெரிய குரலில் கத்தினார் அவர். "அவளும் இல்லை, இவளும் இல்லை! அன்னிக்குப் பால் வாங்கத்தான் போனேன். திரும்பி வர்ற வழி மறந்துபோச்சு. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்ததா, அது தீர்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் கேன்ல பெட்ரோல் வாங்கி ஊத்தி, லைசென்ஸ்ல இருந்த விலாசத்தைப் பார்க்கறவங்ககிட்டல்லாம் காட்டிக் காட்டித்தான் வந்து சேர்ந்தேன். சாவியை உன்கிட்டயே கொடுத்துடலாம்னா, கொடுத்ததையும் மறந்துட்டு உன்னைத் திருடின்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. அதான்... அடுத்த தடவை நான் தொலைஞ்சா, நீ தேடி வர்ற தூரத்துலயே தொலையணும்னு பார்த்தேன்!"