மஞ்சள் எழுத்துகள்

தூத்துக்குடி பீச் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பேச்சிராஜாவிடம், ஆழ்வார்திருநகரி ஹேமாம்புஜம் மாமி ஒரு சின்ன வயர்லெஸ் கீபோர்டைக் கொண்டுவந்தார். அவர் கணவர் மதுசூதனன் பேச்சிராஜாவுக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவர். பக்கவாதத்தில் பேச்சுப் போனபின், ஒற்றை விரலால் அதில் தட்டித்தான் பேசுவார். எழுத்துகளுக்கு அடியில் எரியும் நீல வெளிச்சம் இப்போது அவர் கண்ணுக்கு ஆகவில்லை.

"மஞ்சளா மாத்திக் குடு. பத்திரம்டா, எங்காத்துக்காரர் வாயையே உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்."

"சாயங்காலம் நானே கொண்டாந்து தாரேன் மாமி."

அவன் பேட்டரியைக் கழற்றிவைத்து, நீல பல்புகளை எடுத்துவிட்டு மஞ்சள் பல்புகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்தான். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. பேட்டரியை இன்னும் போடவில்லை. ஆனாலும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. கூட்டிப் படித்தான். தீர்த்தம். சார் வீட்டில் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள்.

உடனே போன் செய்தான். "மாமி, சாருக்குத் தண்ணி குடுங்க."

"தூங்கறாரே. உங்கிட்ட யார் கேட்டா?"

"கோவிச்சுக்கிடாம குடுத்துப் பாருங்க."

அரை மணி கழித்து மாமியே அழைத்தார். "வாயைத் திறந்துண்டு காத்திருந்தார்டா. முழு டம்ளரும் குடிச்சார். அப்புறம் மூச்சு இல்லை. தவிச்ச வாயோட அனுப்பாம காப்பாத்தினே."

பதின்மூன்றாம் நாள் கழிந்ததும், கீபோர்டை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது பேட்டரி இல்லாமல் கடை அலமாரியில் இருக்கிறது. தினமும் இரண்டு மணிக்குத் தீர்த்தம் என்று எரிகிறது. கேட்கிற வாய்க்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லப் பேச்சிராஜாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்கிறான். டம்ளர் காலியானதும் எழுத்துகள் அணைகின்றன.