மூன்று கரண்டி உப்பு

விடுமுறைக்கு வந்த மாமியார், பிஸ்கட் டப்பாவை மாப்பிள்ளையின் மேஜைமேல் வைத்தார்.

"நானே செஞ்சது. ஒண்ணு சாப்பிட்டுச் சொல்லுங்க. குத்தம் என் கையிலயா, பத்திரிகையில செய்முறை எழுதினவ கையிலயா?"

மாப்பிள்ளை கடித்தார். உப்பு உச்சந்தலைக்கு ஏறியது. மேஜைமேலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"அரைக் கிலோ மாவுக்கு மூணு கரண்டி உப்புன்னு போட்டிருக்கா. புதுப் பண்டமாச்சேன்னு அளவு மாத்தாம செஞ்சு, இருபது வீட்டுக்குப் பரிசா கொடுத்துட்டேன். உங்கம்மாவுக்கும் ஒரு டப்பா போயாச்சு. மானமே போச்சு, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார்.

"நீங்க எழுதுற ஆளுதானே. அவள வேலைய விட்டுத் தூக்கச் சொல்லி அந்தப் பத்திரிகைக்கு ஒரு லெட்டர் போடுங்க. ஒருநாளும் அடுப்பு பத்தவெச்சிருக்க மாட்டா. அவளோட குடித்தனம் பண்றவங்க பாவம்."

"ரொம்பப் பாவம்மா," என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

மாமியார் குளிக்கப் போனதும் அவர் பேனாவை எடுத்தார்.

'சென்ற இதழில் மூன்று கரண்டி உப்பு என்றிருந்ததை மூன்று சிட்டிகை என்று திருத்திக்கொள்ளவும். வருந்துகிறேன்.'

கீழே, எட்டு வருடமாகப் போடும் பெயரையே போட்டார்: அடுக்களை அக்கா.