கடைசியாக ஒரு வியாழன்

“நாளைக்கு ஒரே ஒரு நாள் போயிட்டு வந்துடறேன் மேடம். வெள்ளிக்கிழமை காலையில முதல் ஆளா வந்து கையெழுத்துப் போடறேன்.”

ட்வைலா சிரிக்கவில்லை. ‘இனி என்னைச் சூதாட்டக் கூடத்துக்குள் விடாதீர்கள்’ என்று தாங்களாகவே எழுதிக் கொடுக்க வருபவர்களுக்காகப் பென்சில்வேனியா அரசு வைத்திருக்கும் மேசை அவளுடையது. அங்கே எல்லோரும் கேட்பது இதைத்தான்.

“எதுக்கு வந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா ஐயா?”

எமிலுக்கு எப்படி மறக்கும்? பேத்தியின் ஞானஸ்நானத்தைச் சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்து கோட்டை விட்டவர். அன்றிலிருந்து மகள் பேசுவதில்லை. எழுபத்தோரு வயதில் தன்மேல் தனக்கே நம்பிக்கை போய்விட்டது.

“நான் இங்க வந்தது வெளியில தெரியுமா?”

“யார் வந்தாங்கன்னு நான் மூச்சு விடக்கூடாது. அது சட்டம். நாளைக்கு எதுக்குப் போகணும்?”

“ஆடறதுக்கு இல்ல மேடம். பெர்னிஸ்னு ஒருத்தங்க. வியாழக்கிழமையானா பக்கத்து மெஷின்ல உட்காருவாங்க. நாலு வருஷமா சேர்ந்துதான் சூப் குடிக்கறோம். என் மனைவி போனப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சதெல்லாம் அவங்களாலதான். சொல்லாம கொள்ளாம நின்னுட்டா, நான் செத்துட்டேன்னு நினைச்சுப்பாங்க.”

“போன் பண்ணிச் சொல்லுங்களேன்.”

“நம்பர் தெரியாது. அங்க யாரும் யாரோட வீடு வாசலையும் விசாரிக்க மாட்டாங்க. விசாரிச்சா நம்ம கதையையும் சொல்லணுமே.”

ட்வைலா படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“தடை ஒரு வருஷத்துக்குன்னு போடாதீங்க. ஆயுளுக்கும்னு போடுங்க, இப்பவே. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, தெருமுனை சர்ச்சோட கீழ்த்தளத்துல ஆட்டத்தை விட்டவங்க கூட்டம் இருக்கு. அங்க போங்க. சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டுப் போங்க.”

கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டியபடி எமில் கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பதிவேட்டில்கூட அவர் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை. இனி சூதாட்டக் கூடத்து வாசலை மிதித்தால் போலீஸ்தான். பெர்னிஸை இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை.

மறுநாள் வேண்டாவெறுப்பாகத்தான் சர்ச்சின் படிகளில் இறங்கினார். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் சட்டென்று எழுந்தாள்.

“அட மனுஷா, நீங்களா?” என்றாள் பெர்னிஸ். “எமில்னு ஒருத்தர் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பார், அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்னு போன வெள்ளிக்கிழமை அந்த ஆபீஸ் அம்மாகிட்ட அழுதே பார்த்தேன். விடவே மாட்டேன்னுட்டா.”