சுருட்டை முடிச் சிங்கம்

மிருகக்காட்சி சாலையில் ஒரு நிஜச் சிங்கம் இருந்தது. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. இந்த மாதமும் கூட்டம் சேராவிட்டால் கூண்டை நெருப்புக்கோழிக்குக் கொடுத்துவிட்டு, சிங்கத்தை வேறு ஊருக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து, சீனாவிலிருந்து வந்த கல் சிங்கம் ஒன்றை எதிரே வைத்தார்கள். சப்பை மூக்கு, தலை முழுக்கச் சுருட்டை முடி, காலுக்குக் கீழே ஒரு பந்து.

"யோவ், நீ யாரு?"

"சிங்கம்ணே."

"நீயா? நாய் மாதிரி இருக்கே!"

"எங்க ஊர்ல சிங்கமே கிடையாதுண்ணே. உங்க பக்கத்துலேர்ந்து வந்த சாமியார் ஒருத்தர், சிங்கம் எப்படி இருக்கும்னு வாயால சொன்னாரு. சிற்பி பார்த்தது தன் வீட்டு நாயை மட்டும்தான். அதை வச்சுச் செதுக்கிட்டாரு."

"பந்து?"

"அது பின்னாடி வந்தவங்க சேர்த்தது."

நிஜச் சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். எல்லாரும் கல் சிங்கத்தைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கூண்டுப் பக்கம் திரும்பினாள். சிங்கம் எழுந்து நின்று பலமாகக் கர்ஜித்தது.

"அப்பா, இது சிங்கமே இல்லப்பா. முடி சுருட்டையா இல்ல பாரு."

அப்பாவும் உற்றுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

மாதம் முடிய இன்னும் நாலு நாள்தான் இருந்தது. குட்டியாக இருந்தபோது விளையாடிய பழைய பந்து ஒன்று கூண்டு மூலையில் கிடந்தது. சிங்கம் அதை மெதுவாக முன்னால் உருட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி," என்று கூப்பிட்டது. "இதை எந்தக் காலுக்குக் கீழ வைக்கணும்?"