குதிக்கக் கூடாதவர்கள்

“டிக்கெட் ரெண்டு போதும்மா. ஆனா நாங்க மொத்தம் நாலு பேரு!”

குழந்தைகள் குதித்து விளையாடும் ட்ராம்போலின் அரங்கின் கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். எதிரே நின்றது மூன்றே பேர். லிப்ட் மெக்கானிக் வாயெல்லாம் பல்லாக மனைவியின் வயிற்றைக் கண்ணால் காட்டினார். இரண்டு மாதமாக பஸ் கண்டக்டர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரிடமும் இதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அக்கா உள்ள உட்காரலாம் சார். ட்ராம்போலின்ல மட்டும் ஏறக் கூடாது” என்று அந்தப் பெண் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். இதய நோயாளிகள், முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள் குதிக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“ஏற விட்டாத்தானே? நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் மெக்கானிக்.

மனைவி தும்மினால்கூட வயிற்றைப் பார்த்துப் பதறுகிற ஆள் அவர். மகள் குட்டிக்கு இன்று ஏழு முடிகிறது. இனி நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு தங்கிய கரு இது. பயம் இருக்காதா?

உள்ளே போனதும் குட்டி துள்ளிக்கொண்டு ஓடினாள். மெக்கானிக் தொழில் புத்தியில் குனிந்து ஸ்பிரிங்குகளை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் ஜெர்கினை மடித்து பெஞ்சில் போட்டு மனைவியை அதன்மேல் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குளிருதா? ஃபேனை நிறுத்தச் சொல்லவா?”

“சும்மா இருங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

முந்தாநாள் ஸ்கேனுக்குக் கூடப் போக முடியவில்லையே என்ற குறுகுறுப்பு அவருக்கு இன்னும் இருந்தது. கிளம்புகிற நேரத்தில் எங்கோ ஒரு லிப்ட் நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அவள் தனியாகத்தான் போய்வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, “ரொம்ப நேரம் பாத்தாங்க” என்று மட்டும் சொன்னாள்.

நல்ல டாக்டர், அவசரப்படாமல் பார்த்திருக்கிறார் என்று இவர் சந்தோஷப்பட்டார். மேற்கொண்டு கேட்பதற்குள், பிறந்தநாளுக்குப் பலூன் ஊதச் சொல்லி குட்டி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வாங்களேன்” என்றாள் மனைவி இப்போது.

மெக்கானிக் அசந்துபோனார். மசக்கை தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டில் காபி போட்டால்கூட வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள் அவள். “பாத்தியா, நாலாம் மாசம் வந்ததும் வாந்தியெல்லாம் போயிடுச்சு! பாப்பா அம்மாவைப் படுத்தாத நல்ல புள்ளை” என்று குதூகலமாக எழுந்தார்.

அப்போது குட்டி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, அம்மாவின் வயிற்றில் வாயை வைத்துக் கத்தினாள். “பாப்பா! அடுத்த பொறந்தநாளைக்கு உனக்கும் ஒரு டிக்கெட்!”

அவள் மெல்ல மகளின் தலையை விலக்கி, கழன்றிருந்த சாக்ஸை இழுத்துவிட்டாள்.

“அம்மா, நீயும் வாம்மா. ஒரே ஒரு தடவை. பாப்பா வந்துட்டா நீ என்கூட விளையாடவே மாட்டியாம். மாடி வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க.”

“அந்த ஆன்ட்டிக்கு வேற வேலை இல்ல” என்றார் மெக்கானிக். “அம்மா இப்ப குதிச்சா பாப்பாவுக்கு வலிக்கும்டா. நீ போய் ஆடு. அப்பா காபி வாங்கிட்டு வந்து உன்கூடக் குதிக்கிறேன்.”

குட்டியின் முகம் தொங்கிப்போனது. பிறந்தநாளும் அதுவுமாகப் பிள்ளையை வாடவிட்டோமே என்று அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க அவர் தயாரில்லை.

காபிக் கடையில் கூட்டம். சூடு தாங்காமல் கோப்பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது பெஞ்சில் ஜெர்கின் மட்டும் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. நடு ட்ராம்போலினில் குட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவள் குதித்துக்கொண்டிருந்தாள். பட்டும் படாமலும் அல்ல, தலைமுடி அவிழ்ந்து பறக்க, காலை உதைத்து உதைத்து.

காபியைப் போட்ட இடம் தெரியாது. மெக்கானிக் பாய்ந்து ஏறினார். ஓரத்தில் நின்ற ஊழியர் விசில் அடித்தது அவர் காதிலேயே விழவில்லை. கால் வைத்ததும் அது அவரையும் தூக்கிப் போட்டது. நிற்கவும் முடியாமல் விழவும் முடியாமல் தட்டுத் தடுமாறிப் போய் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஹே! அப்பாவும் வந்துட்டாரு!” என்று கூவினாள் குட்டி. மூவரும் சேர்ந்து மேலே போனார்கள், கீழே வந்தார்கள்.

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” அவர் அவளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். “எவ்வளவு ஏங்கி வந்த புள்ளை! அதுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்? இறங்கு, முதல்ல இறங்கு!”

அவள் இறங்கவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல், அவர் காதோரம் குனிந்தாள்.

“பாப்பாவுக்குத் துடிப்பு நின்னுபோச்சுங்க… சிரிச்சுக்கிட்டே குதிங்க, குட்டி பாக்குறா.”